உபரி நீர் யாருக்கு?

தாமிரபரணித் தண்ணீரைப் பற்றிச் சர்க்கார் பேசும்போதெல்லாம் ஒரு சொல் தவறாமல் வந்துவிடுகிறது. "உபரி" என்பதே அந்தச் சொல். மழைக்காலத்தில் கடலுக்குப் போவது உபரி. கம்பெனிகளுக்கு விற்பது உபரி. நகரத்து ஜனங்கள் குளித்து, துவைத்து, கழுவிக் கொட்டியதும் உபரி. உபரி என்றால் தேவைக்கு மேல் மிஞ்சியது என்று அர்த்தம். யாருடைய தேவைக்கு மேல்? மிஞ்சியது என்று யார் அளந்து பார்த்துச் சொன்னார்கள்? இந்த இரண்டு கேள்விகளையும் கேட்காமல் உபரி நீருக்குப் புதிய உபயோகம் தேடுவது, பயிர் செய்தவனைக் கேட்காமல் களத்து நெல்லைப் பங்கு போடுவதற்குச் சமம்.

ஆலைத் தொழிலாளிக்கு இந்தச் சொல் புதிதல்ல. தன் கூலிக்கு ஈடான நூலை நூற்று முடித்த பிறகும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும், அந்த மிச்ச நேரத்து நூல் எவர் கணக்கில் ஏறுகிறது என்பதும் அவருக்குத் தெரியும். தண்ணீர்க் கணக்கையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டிய வேளை இது.

உபரி நீரை உபயோகப்படுத்தவே கூடாது என்பது நமது வாதமல்ல. உபயோகப்படுத்த வேண்டும். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது. ஆனால் எந்த நீர் உண்மையில் உபரி, எந்த நீர் பிறர் வாயிலிருந்து பறித்தது என்பதை முதலில் பிரித்துப் பார்ப்போம்.

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் இந்த ஆறு, இரண்டு பருவமழைகளாலும் ஊட்டம் பெறுகிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் இதன் குறுக்கே நிற்கின்றன. அவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்கள் ஏறத்தாழ 86,000 ஏக்கருக்குக் கார், பிசானம் என்று இரு போகம் தண்ணீர் தர வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடி நகரங்களும், கோவில்பட்டியும், விருதுநகர் ஜில்லாவின் பல ஊர்களும் குடிப்பதும் இந்த ஆற்று நீரையே. இவ்வளவு வாய்களுக்கு ஊட்டும் ஒரு சிறிய ஆற்றில், "மிஞ்சிவிட்டது" என்று ஒருவர் சொன்னால் கணக்கைக் காட்டு என்று கேட்பது குற்றமாகுமா?

முதல் உபரி: வெள்ளம்

முதலில் வெள்ள நீரை எடுத்துக்கொள்வோம். வருஷத்துக்குச் சராசரி 13,758 மில்லியன் கன அடி நீர் கடலுக்குப் போகிறது என்பது சர்க்காரின் கணக்கு. பாபநாசம் அணை நிரம்பினால் நிற்பது 5,500 மில்லியன் கன அடி. ஆக, இரண்டரைப் பாபநாசம் அணை நீர் கடலுக்குப் போகிறது. இது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியின் சில நாட்களில் மூர்க்கமாக வந்து போகும் நீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அதன் மூர்க்கத்தை எல்லோரும் கண்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. குளங்கள் உடைந்தன, வாழையும் நெல்லும் மணலில் புதைந்தன, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நடுவழியில் நின்றுபோனது.

இந்த நீரைத் தேக்கும் யோசனை புதிதல்ல. 1958இல் முடிந்த மணிமுத்தாறு அணையே அப்படிப் பிறந்ததுதான். வீணாகக் கடலுக்குப் போன வெள்ளத்தைத் தேக்கி, நாங்குநேரி, திருச்செந்தூர்ப் பக்கத்து மானாவாரிப் பூமிக்கு அனுப்பினார்கள். அதே வழியில் வந்ததுதான் தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்புத் திட்டம். 2009இல் 369 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. 16 வருஷம் கழிந்து, செலவு 1,060 கோடியாக, ஏறக்குறைய மூன்று மடங்காகப் பெருகிய பின், 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கன்னடியன் அணைக்கட்டிலிருந்து சாத்தான்குளம் தேரிக்காடு வரை 75 கிலோமீட்டர் கால்வாய். வெள்ளக் காலத்தில் 2,765 மில்லியன் கன அடி நீர், அதாவது கடலுக்குப் போவதில் ஐந்தில் ஒரு பங்கு, இதன் வழியே போகும். 252 குளங்களும் 5,000க்கு மேற்பட்ட கிணறுகளும் ஊறும். 23,040 ஹெக்டேர், நம் கணக்கில் 57,000 ஏக்கர், பயன் பெறும் என்பது திட்டம்.

நல்ல காரியம். வரவேற்கிறோம். ஆனால் கால்வாய் வெட்டியதோடு வேலை முடியவில்லை. குளத்துக்குப் போகும் வரத்துக்கால் தூர்ந்து கிடந்தால், கால்வாயில் தண்ணீர் ஓடுவதைக் கரையில் நின்று வேடிக்கை பார்க்கத்தான் முடியும். எந்தக் குளம் முதலில் நிரம்ப வேண்டும் என்பதைச் செல்வாக்குள்ளவர்கள் தீர்மானித்தால், ஏழைகளின் ஊர்க்குளம் கடைசி வரை காய்ந்தே கிடக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலுக்குப் போகும் நீர் முழுவதும் வீண் என்று நினைப்பதும் தவறு. ஆறு கடலில் சேராவிட்டால் கடல் ஆற்றில் ஏறிவிடும். முகத்துவாரத்தை ஒட்டிய ஊர்களின் நிலத்தடி நீர் உப்பாகும். புன்னைக்காயல் மீனவனின் வலையும் வற்றும். ஆகவே ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவை மீறி, நாளைக்கு எவரேனும் "உபரி" என்று கைநீட்டினால் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது உபரி: விற்ற நீர்

அடுத்தது கம்பெனிகளுக்குப் போகும் நீர். கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்தில் பெப்சி, கோகோ கோலா பானங்களைத் தயாரிக்கும் ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் கொடுக்கப்பட்டது. விலை, ஆயிரம் லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு. ஒரு லிட்டருக்கு 4 காசு கூட இல்லை. அப்போது கடையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் 20 ரூபாய்க்கு விற்றது என்பதைத் தொழிலாளர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. 2016 நவம்பரில் இடைக்காலத் தடை வந்தது; 2017 மார்ச்சில் தடை நீங்கி வழக்கும் தள்ளுபடியாயிற்று. சர்க்கார் தரப்பில் சொன்ன வாதம் என்ன? உபரி நீரைத்தான் கொடுக்கிறோம் என்பது! அது எந்தக் காலம்? 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களையும் வறட்சி ஜில்லாக்கள் என்று இதே சர்க்கார் அறிவித்திருந்த காலம். வயலுக்கு வறட்சி, பாட்டிலுக்கு உபரி! ஒரே ஆற்றில், ஒரே மாதங்களில் இரண்டும் எப்படி உண்மையாக முடியும்?

ஸ்ரீவைகுண்டத்தின் கதையும் இதுதான். கடைசி அணைக்கட்டான அங்கிருந்து, தூத்துக்குடி ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி காலன், அதாவது 9 கோடி லிட்டர் எடுக்கும் திட்டம் பல பத்தாண்டுகளாக உண்டு. வடகாலிலும் தென்காலிலும் கடைமடை வயல் வெடித்துக் கிடந்த வருஷங்களிலும் குழாயில் தண்ணீர் ஓடியது என்பதே விவசாயிகளின் மனக்குறை. மண்மேடாகிப் போன அந்த அணைக்கட்டைத் தூர்வாரும் வேலை, 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகே தொடங்கியது. 2018 நவம்பரில் அதே தீர்ப்பாயம், அங்கிருந்து ஆலைகளுக்குத் தண்ணீர் எடுக்கத் தடை விதித்தது. நீதிமன்றப் படி ஏறினால்தான் வயலுக்குத் தண்ணீர் என்றால், பொதுப்பணித் துறை என்ற பெயருக்கு என்ன பொருள்?

இங்கே ஆலைத் தொழிலாளர் மனத்தில் ஒரு பயம் எழுவது இயற்கை. "தண்ணீர் இல்லையென்றால் ஆலை மூடும், வேலை போகும்" என்று முதலாளிகள் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். தொழிலாளியையும் விவசாயியையும் ஒரு குடம் தண்ணீருக்காக மோத விடும் தந்திரம் இது. இந்த ஜில்லாவின் ஆலை வரலாறே இதற்குப் பதில் சொல்லும். 1880களில் ஹார்வி கம்பெனி பாபநாசத்தில் மில் கட்டியபோது, அருவியின் விசையைக் கொண்டு மிஷினை ஓட்டினார்கள். விசையை எடுத்துக்கொண்டு, நீரை ஆற்றுக்கே விட்டார்கள். மில்லும் ஓடியது, கீழே வயலும் விளைந்தது. அதே தொழிலாளியின் உழைப்பை அவர்கள் எப்படிப் பிழிந்தார்கள் என்பது வேறு கதை. ஆற்றை வற்ற அடிக்காமலும் ஆலை நடத்தலாம் என்பதற்கு அது சாட்சி. இன்று அதற்கு இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. அதுதான் மூன்றாவது உபரி.

மூன்றாவது உபரி: கழிவுநீர்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் நான்கும் சேர்ந்து 1994இல் மாநகராட்சியாயின. 2011 ஜனத்தொகைக் கணக்கில் நகரவாசிகள் 4 லட்சத்து 73 ஆயிரம் பேர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பதும், அதில் நூற்றுக்கு 80 பங்கு கழிவாகத் திரும்பும் என்பதும் மத்திய சர்க்காரின் விதிமுறை. அந்த விதிப்படி பெருக்கிப் பாருங்கள். நாளொன்றுக்கு 5 கோடி லிட்டர் கழிவுநீர் வருகிறது. விநாடிக்கு 20 கன அடி ஓடும் வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளலாம். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், இரவும் பகலும், சித்திரையிலும் வற்றாத வாய்க்கால்! ஒரு போக நெல்லுக்கு வயலில் மொத்தம் 4 அடி உயரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று கொண்டால், நன்றாகச் சுத்தம் செய்த இந்த நீர் சுமார் 1,200 ஏக்கர் நெல்லுக்குப் போதும்.

இப்போது இந்த நீர் என்ன ஆகிறது? ராமையன்பட்டியில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. ஆனால் நகரத்துச் சாக்கடை எல்லாம் அங்கே போய்ச் சேரவில்லை. நகரத்தின் நடுவே ஓடும் திருநெல்வேலிக் கால்வாயிலும் பாளையங்கால்வாயிலும் அது விழுகிறது. ஆற்றிலும் நேராகக் கலக்கிறது. 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் நேரில் வந்து பார்க்கும் அளவுக்கு விஷயம் முற்றிப்போனது. பாளையங்கால்வாய்த் தண்ணீரில் இறங்கி நாற்று நடும் பெண்களுக்குக் கூலியோடு கிடைக்கும் போனஸ், காலில் அரிப்பும் புண்ணும்தான்! மேலே ஒரு ஊர் கழுவிக் கொட்டியதைக் கீழே அடுத்த ஊர் உறைகிணற்றில் எடுத்துக் குடிக்கிறது. ஆக, நகரத்தின் உண்மையான உபரி நீர் விஷமாக்கப்பட்டு ஏழைகளின் தலையில் கொட்டப்படுகிறது. விவசாயத்துக்குரிய நல்ல நீர் உபரி என்ற பெயரில் விற்கப்படுகிறது. இந்த விபரீதத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். நல்ல நீர் குடிக்கவும் வயலுக்கும். சுத்தம் செய்த நீர் ஆலைக்கு.

இது நடக்கக்கூடிய காரியமா? நடந்திருக்கிறது. சென்னை மணலியில் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990களிலிருந்தே நகரத்தின் கழிவுநீரை வாங்கிச் சுத்தம் செய்து உபயோகிக்கின்றன. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் சுத்தம் செய்யும் நிலையங்கள் திறக்கப்பட்டன. அந்த நீர் மணலிக்கும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளுக்கும் போகிறது. சூரத் நகரம் தன் கழிவுநீரைச் சுத்தம் செய்து துணி ஆலைகளுக்கு விற்கிறது. நாகபுரி நகரத்தின் கழிவுநீர் அனல் மின் நிலையத்துக்குப் போகிறது. சிங்கப்பூரில் 2003 முதல், நுண்ணிய மின்னணுச் சில்லு செய்யும் தொழிற்சாலைகளே இப்படிச் சுத்தம் செய்த நீரில் ஓடுகின்றன. அங்கெல்லாம் ஆலை மூடவில்லை, வேலை போகவில்லை. வறட்சியில் ஆற்றை நம்பும் ஆலைக்குத்தான் ஆபத்து. ஜனங்கள் குளிக்கும் வரை கழிவுநீர் வரும். அதை நம்பும் ஆலைக்கு வறட்சி கிடையாது.

விவசாயத்துக்குக் கொடுத்த அனுபவமும் உண்டு. பெங்களூர் நகரத்தின் கழிவுநீரில் நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வரை சுத்தம் செய்து, கோலார் ஜில்லாவின் ஏரிகளை நிரப்பும் திட்டம் 2018இல் தொடங்கியது. வற்றிக் கிடந்த கிணறுகள் ஊறின. ஆனால் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்போடு நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நிலை வரை செய்யுங்கள் என்று கோலார் விவசாயிகள் போராட வேண்டி வந்தது. இந்தப் பாடத்தை நாம் மறக்கக் கூடாது. அரைகுறையாகச் சுத்தம் செய்த நீரை "விவசாயிக்குத்தானே, போதும்" என்று தள்ளிவிடுவதை ஏற்க முடியாது.

ஒரு நியாயமான சந்தேகம்

சாக்கடையானாலும் அந்த நீர் இப்போது ஆற்றோடு கடைமடைக்குத்தான் போகிறது; அதை ஆலைக்குக் கொடுத்தால் ஆற்றில் அந்த அளவு குறையாதா என்று மருதூர், ஸ்ரீவைகுண்டம் பகுதி விவசாயிகள் கேட்கலாம். சரியான கேள்வி. இதற்கு ஒரே பதில்தான் உண்டு. ஆலைக்குக் கழிவுநீரில் ஒரு லிட்டர் கொடுத்தால், ஆற்றிலிருந்து ஆலைக்குப் போகும் நீரில் ஒரு லிட்டர் வெட்டப்பட வேண்டும். 9 கோடி லிட்டர் எடுக்கும் இடத்தில் திருநெல்வேலியின் 5 கோடி லிட்டர் பாதிக்கு மேல் ஈடு செய்யும். தூத்துக்குடி நகரத்தின் சொந்தக் கழிவுநீரும் உண்டு. மிச்சத்துக்குக் கடற்கரையிலேயே இருக்கும் ஆலைகள் கடல் நீரைக் குடிநீராக்கிக் கொள்ளட்டும். அப்போது கடைமடைக்கு வருவது சாக்கடையாக இராது. அதே அளவு நல்ல நீராக இருக்கும். இந்த நிபந்தனை இல்லாமல், ஆற்று நீரும் எடுப்போம், கழிவுநீரும் எடுப்போம் என்றால், அது திட்டமல்ல, இரட்டைக் கொள்ளை!

செலவை யார் கொடுப்பது என்ற கேள்வியும் வரும். லாபத்துக்குத் தண்ணீர் வாங்குபவர்கள் கொடுக்கட்டும். கூலிக்காரரின் வீட்டு வரியில் அதை ஏற்றக் கூடாது. சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்யும் தொழிலாளரை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கைகழுவுவதும் கூடாது. சாக்கடைக் குழிக்குள் மனிதரை இறக்குவதைத் தடை செய்யும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. புதிய திட்டத்தின் பெயரால் ஒரு தொழிலாளியின் உயிரும் குழிக்குள் போகக் கூடாது.

விவசாயத் தொழிலாளர் பிரச்னை

இந்தக் கணக்கிலெல்லாம் ஒருவருடைய பெயர் எப்போதும் விடுபட்டுப் போகிறது. அவர் விவசாயத் தொழிலாளி. கார் பொய்த்தாலும் பிசானம் அழிந்தாலும் நிவாரணம் ஏக்கர் கணக்கில் வருகிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் போனவருக்கு ஏக்கர் ஏது? கால்வாயில் தண்ணீர் வந்தால் அவருக்கு வேலை உண்டு. வராவிட்டால் கேரளத்துக்கோ திருப்பூருக்கோ ரயிலேற வேண்டும். ஆகவே தண்ணீரில் அவருக்கும் பங்கு உண்டு. தண்ணீர்ப் பங்கீட்டைப் பேசும் எந்தக் கமிட்டியிலும் நிலமுள்ளவர்களோடு அவருடைய பிரதிநிதியும் உட்கார வேண்டும். அமலைச் செடி அடைத்துக் கிடக்கும் கால்வாய்களையும் தூர்ந்த குளங்களையும் சீர் செய்யும் வேலை, மிஷின் வைத்திருக்கும் ஒப்பந்தக்காரருக்கு முழுவதும் போகாமல், முடிந்த இடமெல்லாம் உள்ளூர் ஆண், பெண் தொழிலாளருக்குச் சம கூலியில் கிடைக்க வேண்டும்.

நமது கோரிக்கைகள் தெளிவானவை:

1. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளிலும் எட்டு அணைக்கட்டுகளிலும் தினசரி வந்த நீர், விட்ட நீர், எவருக்கு எவ்வளவு என்ற கணக்கைத் தமிழில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். கணக்குக் காட்டாத நீரை உபரி என்று சொல்லக் கூடாது.

2. முதலில் குடிநீர்; அடுத்து கடைமடை வரை பாசனம்; அதற்குப் பின்புதான் ஆலை. கடைமடைக் குளங்கள் நிரம்பாத வருஷத்தில் ஆற்று நீரை எந்தக் கம்பெனிக்கும் கொடுக்கக் கூடாது.

3. நகரத்துக் கழிவுநீர் முழுவதையும் மூன்றாம் நிலை வரை சுத்தம் செய்து ஆலைகளுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் அளவுக்கு ஆற்று நீரை வெட்ட வேண்டும். செலவை ஆலைகள் ஏற்க வேண்டும்.

4. கால்வாய்களிலும் ஆற்றிலும் சாக்கடை விழும் இடங்கள் அனைத்தையும் அடைக்க வேண்டும். நீரின் பரிசோதனை முடிவுகளை மாதந்தோறும் ஜனங்களுக்கு அறிவிக்க வேண்டும்.

5. இணைப்புக் கால்வாயின் வெள்ள நீர் ஒவ்வொரு குளத்துக்கும் முறை வைத்துப் போக வேண்டும். முறையைத் தீர்மானிக்கும் கமிட்டியில் விவசாயிகள், விவசாயத் தொழிலாளர், தொழிற்சங்கங்களின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும்.

இவற்றில் ஒன்றுகூட நடக்க முடியாத கோரிக்கையல்ல. பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு கால்வாய்க்கு 1,060 கோடி கொடுத்த சர்க்காருக்கு, நகரத்துச் சாக்கடையைச் சுத்தம் செய்ய வழி தெரியாதா?

ஆனால் கேட்காமல் கிடைக்காது. ஆலை வாசலில் கேட்கும் குரலும் வயல் வரப்பில் கேட்கும் குரலும் தனித்தனியாக ஒலிக்கும் வரை, "உபரி" என்ற சொல்லின் பொருளை மற்றவர்களே எழுதிக்கொண்டிருப்பார்கள். விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளியும், தூத்துக்குடி ஆலைத் தொழிலாளியும், ஸ்ரீவைகுண்டம் தென்காலின் கடைமடையில் நாற்று நடும் பெண்ணும் ஒரே ஆற்றின் மக்கள். ஆலைத் தொழிலாளர் சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் கூலி, போனஸுக்குப் பக்கத்தில் சுத்திகரித்த நீரையும் எழுதட்டும். விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் கிராம சபைதோறும் தண்ணீர்க் கணக்கைக் கேட்கட்டும். இரண்டு குரலும் ஒன்று சேர்ந்தால், எது உபரி என்பதைத் தீர்மானிக்கும் உரிமை உழைப்பவர் கைக்கு வரும்.